பதனிடப்படும் தோல்கள்: கறுப்பைப் பூசுவதும் கழற்றுவதும்

1

கோவிலம்பாக்கத்தை மையமாக வைத்துச் சுமார் பத்து கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுக்கொள்வோம். வடக்கே பரங்கிமலை என்கிற தோமையார் மலை. மேற்கே பல்லாவரம், குரோம்பேட்டை. கிழக்கே மிச்சமிருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு. நடுவே பல்லாவரம் - துரைப்பாக்கம் இருநூறடிச் சாலையும் மேடவாக்கம் சாலையும். சாலையோரத்து அழகு நிலையங்களின் விலைப்பட்டியலில் 'டீ-டேன்' என்று ஒரு வரி இருக்கும். வெயிலில் ஏறிய கருமையை எடுப்பதற்கான கட்டணம் அது. கையளவு, முகம், முழு உடல் என்று தனித்தனி விலை. அதே சாலையில் மெட்ரோ ரயில் தூண்களுக்குக் கம்பி கட்டியவர்களின் முதுகில் ஏறிய கருமைக்கு எந்தப் பட்டியலிலும் இடம் இல்லை.

'டேன்' என்ற சொல் நம்மிடம் வந்து சேர்ந்ததே 'எடுத்தல்' என்ற வினையோடுதான். மேற்கில் அப்படியில்லை. அங்கே கருமையை வாங்குகிறார்கள். வீட்டிலேயே பூசிக்கொள்ளும் 'செல்ஃப் டேனர்' என்ற களிம்பு, பூசுவதற்கு முன் தோலை எப்படித் தயார் செய்வது என்ற விரிவான சடங்குமுறையோடு அங்கே விற்பனையாகிறது. இங்கே கழற்றக் காசு, அங்கே ஏற்றக் காசு. இதை 'அவரவர் ரசனை' என்று ஒதுக்கிவிடலாம். அல்லது 'காலனிய மனோபாவம்' என்ற ஒரே சொல்லில் கட்டுரையை முடித்துவிடலாம். இரண்டும் சோம்பேறித்தனம். தோலைத் தயார் செய்தல் என்ற செயலுக்கு ஒரு வரலாறு உண்டு, அதில் கணிசமான பகுதி இந்த வட்டத்துக்குள்ளேயே நடந்திருக்கிறது.

2

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் சோழமண்டலக் கரை வழியாகப் போன வெனிஸ் வணிகன் மார்க்கோ போலோ, இப்பகுதியை மாபார் என்று குறிப்பிடுகிறான். முத்துக் குளித்தலையும் பாண்டியர்களின் குதிரை வாணிபத்தையும் சொல்லிவிட்டுத் தோமையாரின் உடல் இருக்கும் ஊரைப் பற்றித் தனியாக ஓர் அத்தியாயம் சொல்கிறான். நாம் மயிலாப்பூர் என்று அடையாளம் காணும் இடம் அது. அந்த அத்தியாயத்தில்தான் நமக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. இவ்வூரார் கறுப்பாகவே பிறக்கிறார்கள். அது போதாதென்று பிறந்த நாள் தொட்டு வாரம் ஒருமுறை குழந்தைகளுக்கு நல்லெண்ணெய் தேய்த்து இன்னும் கறுக்க வைக்கிறார்கள். எவ்வளவு கறுப்போ அவ்வளவு மதிப்பு. தெய்வங்களைக் கறுப்பாகவும் பேய்களை வெள்ளையாகவும் தீட்டுகிறார்கள். இதுதான் அவன் சொல்லுவதன் சாரம்.

போலோ சொன்னதெல்லாம் வேதவாக்கா என்று கேட்கலாம். இல்லைதான். 1298ஆம் ஆண்டு வாக்கில் ஜெனோவா சிறையில் இருந்தபோது, ருஸ்திகெல்லோ என்ற கதையெழுத்தாளன் எழுத, இவன் சொன்ன புத்தகம் அது. எண்ணெய்க் குளியலின் நோக்கம் கறுக்க வைப்பது என்பது அவனே வருவித்துக்கொண்ட விளக்கமாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிறப்பிலேயே கறுத்த உடம்பை வேண்டுமென்றே மேலும் கறுக்க வைக்கும் ஒரு வீட்டுச் சடங்கை, கறுப்பை இழிவாக நினைத்துப் பழகிய ஒரு கண் பார்த்துத் திகைத்திருக்கிறது. அந்தத் திகைப்பை அவன் இட்டுக்கட்டியிருக்க முகாந்திரம் இல்லை.

சரி, எண்ணெய் தேய்த்தால் கறுக்குமா? உலர்ந்த தோலின் மேலே செதில்கள் தூக்கிக்கொண்டு நிற்கும். அவற்றில் பட்ட ஒளி சிதறித் தோல் சாம்பல் பூத்ததுபோலத் தெரியும். எண்ணெய் அந்தச் செதில்களின் இடுக்கை நிரப்பிச் சிதறலைக் குறைக்கிறது. அடியில் இருக்கும் நிறம் ஆழமாகத் தெரிகிறது. அதாவது எண்ணெய் கறுப்பைப் பூசுவதில்லை, இருக்கிற கறுப்பைத் துலக்குகிறது. போலோ பார்த்தது இந்தத் துலக்கத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

இதே நிலத்தின் அகப்பாடல்களில் தலைவியின் அழகுக்குப் பெயர் 'மாமை'. உரைகாரர்கள் அதை மாந்தளிர் நிறம் என்பார்கள். பிரிவு வந்தால் அந்த மாமையை மேய்ந்துவிட்டுப் படர்வது 'பசலை'. வெளிறிப்போதல் ஒரு நோய். திருக்குறளில் இதற்கென்றே ஓர் அதிகாரம் உண்டு, 119ஆவது. நிறம் ஏறி இருப்பது நலம், நிறம் இறங்குவது துயரம் என்பதே அங்கே உடம்பின் இலக்கணம்.

இன்றைக்கும் நம்ம பாட்டிமார் பச்சைப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிறார்கள். அதே கை, அதே காலை மடக்கி நீட்டும் லாவகம். ஆனால் கூடவே பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் சேர்ந்து, "தேய்ச்சிக் குளிப்பாட்டினா நிறம் வந்துரும்" என்கிறார்கள். 'நிறம்' என்ற சொல்லுக்கே இப்போது வெளுப்பு என்று பொருள். கர்ப்பிணிக்குப் பாலில் குங்குமப்பூ. சடங்கு அப்படியே இருக்க அதன் இலக்கு தலைகீழாகிவிட்டது. பழக்கவழக்கங்கள் தொடர்வதை மட்டும் பட்டியலிட்டு 'மரபு' என்று மெச்சிக்கொள்ளும் நாட்டார் வழக்காற்றியல், இந்தத் தலைகீழாக்கத்தைப் பார்க்கத் தவறிவிடுகிறது.

3

ஆனால் இதை வைத்துக்கொண்டு 'ஆதியில் கறுப்பு போற்றப்பட்டது, வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான்' என்று ஒரு பொற்காலக் கதையாடல் கட்டுவதற்கு நான் தயாரில்லை. நடுவில் சாதி இருக்கிறது.

'கறுத்த பாப்பானையும் வெளுத்த பறையனையும் நம்பாதே' என்ற பழமொழி நாம் வெட்கப்பட வேண்டிய ஒன்று. ஆயினும் அது தன்னையறியாமல் ஓர் உண்மையை உளறிவிடுகிறது. நிறமும் சாதியும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பொருந்தியிருந்தால் இந்தப் பழமொழிக்கே தேவை இருந்திருக்காது. தோலைப் பார்த்துச் சாதியைப் படிக்க முடியாமல் போகும் இடத்தில் ஏற்படும் பதற்றம்தான் அதில் வசவாக வெளிப்படுகிறது. அந்தப் பதற்றத்தை விஞ்ஞானமாக்க முயன்றவர்களும் உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் அளந்து 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டது அந்த வகை. அளவுகோல்கள் அளந்தன, சாதி நழுவிக்கொண்டே இருந்தது.

இப்போது 'டேன்' என்ற சொல்லுக்கு வருவோம். அது முதலில் வெயிலைக் குறிக்கவில்லை. மரப்பட்டைச் சாற்றில் ஊறப்போட்டு விலங்கின் தோலைப் பதனிடுவதையே குறித்தது. ஐரோப்பாவில் ஓக் மரப்பட்டை, நம்மிடம் ஆவாரம்பட்டை. அப்படிப் பதனிட்ட தோலின் பழுப்பு நிறத்திலிருந்துதான் வெயிலில் பழுத்த மனிதத் தோலுக்கு அந்தச் சொல் தாவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து அரைப்பதமாகக் கப்பலேறி லண்டனுக்குப் போன தோல்கள் ஆவாரம்பட்டையில் பதனிட்டவை. அதே ஆவாரையின் பூவைத்தான் நம் பெண்கள் நிழலில் உலர்த்திப் பொடித்து மேனிநிறத்துக்குப் பூசுகிறார்கள். ஒரே செடி. பூ மனிதத் தோலை வெளுப்பதற்கு, பட்டை மாட்டுத் தோலைப் பழுப்பாக்குவதற்கு. பூவைத் தொடும் கைக்குத் தீட்டில்லை, பட்டையும் தோலும் தொடும் கைக்கு உண்டு.

பட்டையை விட்டுக் குரோமிய உப்பில் பதனிடும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் செய்த சோதனைகள் வழியாகச் சென்னைக்கு வந்தது. 1912இல் ஜி.ஏ. சேம்பர்ஸ் பல்லாவரம் அருகே தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியின் பெயர்தான் குரோம்பேட்டை என்று ஓர் ஊரின் பெயராக நின்றுவிட்டது. தோல் பதனிட்டதால் பெயர் பெற்ற ஊரில் வீடு வாங்கியிருக்கிறோம் என்பது அங்கே குடியிருப்போர் பலருக்கு நினைவிருக்காது. தாம்பரத்துக்குப் போகும் மின்ரயிலில் தினமும் ஒலிக்கும் அந்தப் பெயரில் தோல் தொழிலாளியின் உழைப்பு ஒளிந்திருக்கிறது.

அந்த உழைப்பின் வரிசையைப் பாருங்கள். உப்பிட்டு வந்த தோலைத் தண்ணீரில் ஊறவைப்பது. சுண்ணாம்பில் போட்டு மயிர் கழற்றுவது. கத்தியால் சதையைச் சுரண்டுவது. சுண்ணாம்பைக் கழுவி எடுப்பது. அதற்கப்புறமே பதனிடும் சரக்கு. முதல் நான்கும் சரியாக நடக்காத தோலில் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். சுண்ணாம்பும் குரோமேட்டும் பதனிடுபவனின் கைத்தோலை அரிக்கும், புண்ணாக்கும். ஒரு தோலைப் பக்குவப்படுத்த இன்னொரு தோல் விலை கொடுத்தது. அதோடு நிற்கவில்லை. நாகல்கேணிப் பக்கம் நிலத்தடி நீர் கெட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தபோது, அபராதம் கட்ட வேண்டிய தோல் தொழிற்கூடங்கள் இருந்த ஐந்து மாவட்டங்களில் அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் ஒன்று. அசுத்தம் செய்தவனே விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு அந்தத் தீர்ப்பில் நிலைபெற்றது. கைகளுக்கு நேர்ந்ததற்கு விலை யார் கொடுப்பது என்ற கேள்வி அதே வேகத்தில் எழவில்லை.

4

இதே வரிசை மனிதத் தோலுக்கு வந்து சேர்ந்த கதை சுவாரசியமானது. ஐரோப்பாவில் வயலில் வேலை செய்தவன் வெயிலில் கறுத்தான், சீமாட்டி குடைக்குள் வெளுத்திருந்தாள். ஆலைகள் வந்து உழைப்பாளி கூரைக்குள் அடைபட்டு வெளிறியதும் கணக்கு மாறியது. 1920களில் பிரான்சின் தென்கடற்கரையில் உல்லாசத்துக்குப் போய்த் திரும்புகிறவர்களின் பழுப்பு நிறம் அந்தஸ்தின் சின்னமானது. கோகோ ஷனேல் அதற்கு ஒரு பிரபலமான முகம், அவ்வளவே. அந்தப் பழுப்பு சொன்ன செய்தி 'எனக்கு ஓய்வு இருக்கிறது' என்பதுதான். கறுப்பர்கள் மீது வந்த காதல் அல்ல அது.

கடற்கரைக்குப் போக முடியாதவர்களுக்குப் புட்டியில் அடைத்த பழுப்பு 1950களின் கடைசியில் கிடைத்தது. அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஈவா விட்கென்ஸ்டைன் என்ற ஆய்வாளர், கிளைக்கோஜன் சேமிப்பு நோயுள்ள குழந்தைகளுக்கு டைஹைட்ராக்ஸி அசிட்டோன் என்ற சர்க்கரைப் பொருளைக் குடிக்கக் கொடுத்து ஆராய்ந்தார். சிந்திய இடத்தில் தோல் பழுப்பானது, துணியில் கறை பிடிக்கவில்லை. தோலின் மேலடுக்கில் இருக்கும் செத்த செல்களின் அமினோ அமிலங்களோடு அந்தச் சர்க்கரை வினைபுரிகிறது. தோசைக்கல்லில் மாவு முறுகிச் சிவக்கிறதே, அந்த மேய்யார் வினையின் வகைதான் இதுவும். மெலனினுக்கு இதில் வேலையே இல்லை. உயிருள்ள தோலை அது தொடுவதும் இல்லை.

ஆகவேதான் முன்தயாரிப்பு முக்கியமாகிறது. முந்தின நாளே மயிரை மழிக்க வேண்டும். சொரசொரப்பான துணியாலோ தேய்ப்பானாலோ உதிரப்போகும் செத்த தோலை எடுத்துவிட வேண்டும். வாசனைத் திரவியம், எண்ணெய், சோப்பின் மிச்சம் எதுவும் இருக்கக் கூடாது. ஈரம் முழுதாகக் காய வேண்டும். முழங்கை, முழங்கால், கணுக்கால் போன்ற தடித்த இடங்கள் களிம்பை அதிகம் குடித்துக் கரும்பட்டையாகும் என்பதால் அங்கே மட்டும் கொஞ்சம் ஈரப்பதக் களிம்பை முன்னதாகத் தடவ வேண்டும். பூசி முடித்ததும் உள்ளங்கையைக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் கையே காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் சில மணி நேரம் தண்ணீர் படாமல் இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் செத்த தோல் உதிர உதிர நிறமும் போய்விடும். இந்தப் பழுப்பு வெயிலிலிருந்து காப்பாற்றுவதும் இல்லை.

மயிர் கழற்றல், சுரண்டல், கழுவல், சரக்கு ஏற்றல் என்று குரோம்பேட்டை வரிசையேதான். முழங்கை விஷயம் இன்னும் நுட்பமானது. ஊன்றியும் உரசியும் வேலை செய்ததால் தடித்த இடங்கள்தான் போலிப் பழுப்பைக் காட்டிக்கொடுக்கின்றன. உழைத்த தடயம் இல்லாத தோலில்தான் வெயிலில் உழைத்ததுபோன்ற நிறம் சமமாக ஏறும்!

'மேன்-டேன்' போன்ற சரக்குகள் அமெரிக்கச் சந்தையில் பரபரப்பாக விற்ற 1960ஆம் ஆண்டின் பிப்ரவரி முதல் தேதிதான், கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையர்களுக்கு மட்டும் பரிமாறும் உணவு மேடையில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்தார்கள். ஒரே நாடு, ஒரே ஆண்டு. ஒருவன் பழுப்பைக் காசு கொடுத்து வாங்கிப் பூசிக்கொண்டிருக்கிறான், இன்னொருவனுக்கு அந்தப் பழுப்புக்காகவே ஒரு கோப்பை காப்பி மறுக்கப்படுகிறது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1959இன் இறுதியில், ஜான் ஹோவர்ட் கிரிஃபின் என்ற வெள்ளை எழுத்தாளர் மருந்தாலும் புற ஊதா விளக்காலும் தன் தோலைக் கறுக்கவைத்துத் தென்மாநிலங்களில் பயணம் செய்தார். அவர் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவருக்குத் திரும்பிப் போக ஒரு தோல் இருந்தது.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. கறுப்பின் விலை அது எத்தனை கறுப்பு என்பதைப் பொறுத்ததல்ல. கழற்ற முடியுமா, யாரால் முடியும் என்பதைப் பொறுத்தது. கழற்ற முடிந்த கறுப்பு அலங்காரம், கழற்ற முடியாத கறுப்பு அடையாளம். தாழ்வுணர்ச்சி தோலுக்குள் இறங்கித் தோலாகவே ஆகிவிடுவதைப் பற்றி 1952லேயே ஃப்ரான்ஸ் ஃபனான் பேசிவிட்டார். அதன் மறுபக்கம்தான் புட்டியில் அடைத்த பழுப்பு. அது தோலுக்குள் இறங்கவே இறங்காது என்ற உத்தரவாதத்தோடுதான் விற்கிறது.

5

தமிழ் சினிமாவில் இந்த உத்தரவாதம் வேறு வடிவம் எடுத்தது. ஏழைப் பெண், பழங்குடிப் பெண் வேடத்துக்குக் கறுப்பு நடிகையைத் தேடுவதில்லை. சிவந்த நடிகைக்குக் கறுப்புப் பூசுகிறார்கள். 'பரதேசி' (2013), 'ஜெய் பீம்' (2021) போன்ற, ஒடுக்கப்பட்டவர் பக்கம் நின்று பேசிய படங்களிலும் இதுதான் நடந்தது. பூச்சு கச்சிதமாக இருந்ததற்குப் பாராட்டு கிடைக்கிறது. படம் முடிந்ததும் முகத்தைக் கழுவிவிட்டு அவர்கள் அடுத்த படத்தில் நகரத்துக் கதாநாயகி ஆகலாம். அந்த வேடத்துக்கு இயல்பாகவே பொருந்தும் நிறமுள்ள பெண்ணுக்கு இந்தப் படமும் இல்லை, அடுத்த படமும் இல்லை.

'சிவாஜி' (2007) இதை நகைச்சுவையாகவே செய்தது. கதாநாயகன் காதலிக்காக வெளுக்க முயலுவதும், ஒரு பாட்டில் கணினி வழியாக வெள்ளைத் தோலோடு தோன்றுவதும் ஒருபக்கம். மறுபக்கம், அழுத்தமாகக் கறுப்பு பூசிய இரண்டு பெண்களைப் பார்த்ததும் திரையரங்கமே சிரிக்க வேண்டும் என்ற ஏற்பாடு. அந்தப் பெண்களுக்கு வைத்த பெயர்கள் அங்கவை, சங்கவை. பாரி மகளிர் என்று தமிழ் மரபு நினைவில் வைத்திருக்கும் பெயர்கள். மாமையைப் பாடிய மொழி தன் பெயர்களுக்கே கரி பூசிச் சிரித்த தருணம் அது.

இந்த எல்லாக் கணக்கையும் குழப்பும் ஓர் ஆள் இருக்கிறான். ஆணழகன் போட்டிக்குத் தயாராகும் புறநகர் இளைஞன். 'ஐ' (2015) படத்தின் லிங்கேசனை நினைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் செல்ஃப் டேனரின் உண்மையான பயனாளி இவன்தான். ஏற்கெனவே கறுத்த உடம்பு, ஆனால் மேடை விளக்கின் வெளிச்சத்தில் தசையின் மேடுபள்ளம் தட்டையாகத் தெரியும் என்பதால் இன்னும் கறுக்கப் பூச வேண்டும். உடம்பு முழுக்க மழித்து, தேய்த்துக் குளித்து, டியோடரண்ட் போடாமல் முந்தின இரவே முதல் பூச்சு. நண்பன்தான் முதுகுக்குப் பூசுவான். இரவு பழைய பெட்ஷீட்டில் படுக்கை. காலையில் இன்னொரு பூச்சு, மேடையேறும் முன் மினுக்கத்துக்குக் கொஞ்சம் எண்ணெய். சரக்கு 'புரோ டேன்', 'டிரீம் டேன்' என்ற வெளிநாட்டுப் பெயர்களில் வருகிறது. கடைசியில் பூசுவதென்னவோ எண்ணெய்தான். போலோவின் வாராந்திரச் சடங்கு ஏழு நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு உடற்பயிற்சிக் கூடத்தின் பின்னறையில் தொடர்கிறது.

கழற்ற முடியாத கறுப்பின் மேல் கழற்ற முடிந்த கறுப்பு. அந்த மேடையில் சில நிமிடங்கள் மட்டும் அவன் கறுப்புக்குப் புள்ளிகள் உண்டு. பூச்சைக் கழுவிவிட்டு வேலைக்குப் போகும்போது கீழே இருப்பது அதே நிறத்தின் இன்னொரு சாயல்தான். ஆனால் இப்போது அதற்குப் பெயர் 'கருவாயன்'.

6

1945இல் பெரியார் கருஞ்சட்டைப் படையை அறிவித்தபோது கறுப்பு, இழிவின் குறியாகவும் அதை ஒழிக்கும் உறுதியின் குறியாகவும் ஒரே நேரத்தில் இருந்தது. அது பெரிய அரசியல் நகர்வு. ஆனால் சட்டை கறுத்த அளவுக்குத் தோலின் மீதான பார்வை மாறவில்லை. அந்த அரசியலின் நிழலில் வளர்ந்த சினிமா சிவந்த நாயகர்களையும் வெளுத்த நாயகிகளையும் கொண்டாடியது. சட்டையை மாலையில் கழற்றி வைக்கலாம்.

1975இல் இந்துஸ்தான் லீவர் 'ஃபேர் அண்ட் லவ்லி'யைக் கொண்டுவந்தது. 1998இல் சென்னையின் கெவின்கேர் குங்குமப்பூவைச் சொல்லி 'ஃபேரெவர்' விற்றது. பாட்டியின் பால் தம்ளர் அப்படியே சாஷேவுக்குள் போய்விட்டது. 2009இல் சென்னையிலிருந்து 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 'கறுப்பே அழகு' என்ற பொருளில் ஓர் இயக்கம் தொடங்கியது. 2020இல், அமெரிக்கத் தெருக்களில் கறுப்பு உயிர்களுக்கான போராட்டம் நடந்துகொண்டிருந்தபோது, லீவர் தன் களிம்பின் பெயரை 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாற்றிக்கொண்டது. பெயரிலிருந்து வெளுப்பு போனது, விலைப்பட்டியலில் 'டீ-டேன்' நின்றது.

'கறுப்பே அழகு' என்று சொல்வது தேவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்ற வாக்கியத்தின் 'இருந்தாலும்' எத்தனை பெண்களைக் குடைந்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லை எடுப்பதற்கே ஓர் இயக்கம் வேண்டும். ஆனால் அழகு என்ற தளத்திலேயே நின்றால், கறுப்பைப் பூசி விற்பதற்கும் அதே தளம் இடம் கொடுத்துவிடும். கொடுத்தும்விட்டது. பழுப்பு நிறம் இன்று உலகச் சந்தையில் ஒரு சரக்கு. அதை விளைவித்த வெயிலும் வேலையும் சரக்கின் மேல் எழுதப்படுவதில்லை.

ஆகவே நிறத்தைப் பற்றிப் பேசும் தோழர்கள் வெயிலைப் பற்றியும் பேச வேண்டும். வெயில் எல்லார் மீதும் சமமாக அடிக்கிறது என்பது பொய். யாருக்குக் கூரை, யாருக்குக் குளிர்பதனம், யாருக்கு நடுப்பகல் வேலை என்பதைச் சாதியும் கூலியும் பிரித்துக் கொடுக்கின்றன. 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயில் என்பது வானிலை மட்டுமல்ல, நிவாரணம் கோரக்கூடிய உரிமைப் பிரச்சினை என்பதற்கு இப்போது அரசாணையே இருக்கிறது. தூண்களுக்குக் கம்பி கட்டுகிறவனுக்கும், தார் கொதிக்கும் சாலையில் ஜல்லி கொட்டுகிறவளுக்கும் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நிழலும் தண்ணீரும் கூலி வெட்டில்லாத ஓய்வும் வேண்டும் என்று கேட்பது நிற அரசியலுக்கு வெளியே உள்ள கோரிக்கை அல்ல. தோலைத் தயார் செய்யும் இத்தனை நூற்றாண்டுச் சடங்குகளில், தயார் செய்யப்படாமலேயே வெயிலில் நிறுத்தப்பட்ட தோல் ஒன்று உண்டு. நிறத்தைப் பற்றிய நம் பேச்சு அந்தத் தோலிலிருந்து தொடங்க வேண்டும்.